ஆர்.சி. புத்தகத்தின் மூன்றாவது பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை முடிந்துபோய், ஓசூரில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தேன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரியாது. காகித வேலைக்கு எடுத்தார்கள். அதாவது, அலைவதற்கு.

உத்தனப்பள்ளி பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் இத்தாலி கார் ஒன்று நிற்பதாக முதலாளிக்குப் புரோக்கர் மூலம் தகவல் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழசு. இரண்டே கதவு, நீளமான முன்பக்கம். நெடுந்தூரம் வேகமாக, சொகுசாகப் போவதற்கென்றே செய்த வண்டி. பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் அது முதலிலிருந்து யார் யார் கையில் இருந்தது என்று எழுத்தில் வேண்டும் என்றார். ஆர்.சி. புத்தகத்தின் மங்கிய நகல்தான் எங்களிடம் இருந்தது. அதில் மூன்று பெயர்கள். கடைசிப் பெயர் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை.

தோட்டத்துக்குப் போனபோது, கையுறை போட்டுக்கொண்டு ரோஜாக் கட்டுகளை அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர். ஐயா இருக்கிறாரா என்று கேட்டேன். அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது என்றார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். மூத்தவர் ஓசூரில், இளையவர் கோயம்புத்தூரில். எதற்கு என்று கேட்டார். கார் விஷயம், அவர்களிடமே பேசிக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு மறுபடி பூவைச் சுற்ற ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஓடியது. மூத்த மகனைப் பார்க்க அவர் கம்பெனி வாசலில் நான்கு நாள் காத்துக் கிடந்தேன். "அம்மாகிட்ட கேளுங்க" என்றார். தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். இளையவரும் அதையே சொன்னார். விலையை ஏற்றப் பார்க்கிறார்கள் என்று முதலாளியிடம் நானே சொன்னேன். வக்கீலைப் பார்த்து, ஆர்.சி.யின் கடைசிப் பெயரை இறந்தவர் பெயராகப் போட்டு, வாரிசுகள் எல்லோரும் சம்மதிப்பதாக ஒரு பத்திரம் தயார் செய்தேன். கால் வீங்கிப்போயிருந்தது. யாரிடமும் நின்று பேசும் பொறுமை எனக்கு இல்லை.

முதலில் அந்த அம்மாவிடம் கைநாட்டு வாங்கிவிட்டால் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள் என்று பத்திரத்தோடு மறுபடி தோட்டத்துக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். நான் அதற்குள் பையிலிருந்து மை பேடை எடுத்துத் திறந்துவிட்டேன்.

"செத்துப்போனது எங்க வீட்டுக்காரரு. வண்டி என்னுது. அவருக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது" என்றார்.

திறந்த பேடோடு நின்றேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, அவரே வரலாற்றைச் சொன்னார். பெங்களூருக்கு மெஷின் பூட்ட வந்த இத்தாலி இன்ஜினியர் ஒருவர் கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பும்போது குடகில் ஒரு எஸ்டேட்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரோஜாவில் முதல் லாபம் வந்த வருடம் இந்த அம்மா எஸ்டேட்காரரிடமிருந்து வாங்கினார். பின்சீட்டு நிறையப் பூக்கட்டுகளை அடுக்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் பெங்களூர் மார்க்கெட்டுக்குத் தானே ஓட்டிப் போவாராம். எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிக்காரர்கள் இறங்கி வந்து பார்ப்பார்களாம். முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்ததும் நிறுத்திவிட்டார். இப்போது எலி ஒயரைக் கடிக்கிறது, பார்க்கப் பொறுக்கவில்லை என்றார்.

மன்னிப்புக் கேட்டேன்.

"மொத நாளே என்னக் கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பன்பா. என் வண்டிய ஊரெல்லாம் போய் கேட்டுக்கினு இருந்த."

சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, விற்கச் சம்மதம் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பட்டறைக்கு வந்தபோது, காத்திருந்து சலித்த பெங்களூர்க்காரர் முந்தின வாரமே வேறு காரை வாங்கிவிட்டது தெரிந்தது.

மறுநாள் அதைச் சொல்ல நானே போனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். "சரி, என்ன பண்றது" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ கொடுத்தார். அந்த டீயைக் குடித்து முடிப்பது பெரிய வேலையாக இருந்தது.

எங்கள் வீட்டு ஸ்கூட்டி என் மனைவி சம்பளத்தில் வாங்கியது. பதிவு என் பெயரில் இருந்தது. அந்த மாதமே மாற்றினேன். அலைந்த களைப்பெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. எதிரே நின்றவரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தேனே என்கிற வெட்கம்தான் இன்னும் தீரவில்லை.