வட்டத்துக்குள் ஒரு புள்ளி

மலாய் நாட்டை ஜப்பானியர் பிடித்திருந்த போர்க்காலத்தில், காஜா பெராங் பகுதியிலிருந்த எங்கள் வீட்டைச் சோதனையிட வந்த சிப்பாய்களுடன், மெலிந்த ஜப்பானியர் ஒருவரும் மொழிபெயர்ப்பாளராக வந்தார். ஒவ்வொரு முறை பேசுமுன்பும் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார். பெட்டியில் என் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டதும், சிப்பாய் ஒருவன் என் பிடரியைப் பிடித்தான். ஆங்கிலம் எதிரியின் மொழி; ஒற்றன் என்று இழுத்துப்போகப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை.

புத்தகத்தைப் புரட்டிய மொழிபெயர்ப்பாளர், பழைய எகிப்திய எழுத்துகள் இருந்த பக்கத்தில் நின்றார். வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அதைத் தொட்டு, "மாத்தாஹாரி?" என்று மலாயில் கேட்டார்.

"ஆமாம் துவான், சூரியன்தான்."

"இங்கிலீஷ் எழுத்தில் சூரியன் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் பழைய எழுத்தில் இதேபோலத் தெரியும்" என்றவர், சிப்பாய்களிடம் ஏதோ சொன்னார். பிடரியிலிருந்த கை விலகியது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"என்னங்க சொன்னாரு அவரு?" என்று மனைவி கேட்டாள்.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அவர் பெயரும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கை விலகிய நாளுக்குப் பிறகு பிறந்தவர்கள்.