முழுப் பூசணிக்கு ஓர் ஆண் கை

செல்லூரில் எங்கள் தெருப் பெண்கள் முழுப் பூசணிக்காயில் முதல் வெட்டுப் போடமாட்டார்கள். ஓர் ஆண் வெட்டிக் கொடுத்தால் மற்றதெல்லாம் அவர்கள் பாடு. காரணம் கேட்டால், "கூடாதுன்னா கூடாது" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ஒரு தை மாதம் நான் காய்ச்சலில் கிடந்தேன். மற்ற ஆண்கள் எல்லாரும் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கட்ட ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் பூசணியோடு வந்து நின்றாள். அவள் மகளைப் பெண் பார்த்துப் பிடித்துப்போன திருவாதவூர்க்காரர்கள் அன்று மதியம் கை நனைக்க வருகிறார்கள். சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. வீட்டில் இருந்த காயோ அது ஒன்றுதான்.

"எந்திரி தம்பி, ஒரே வெட்டு."

"கை நடுங்குதுக்கா."

"நடுங்குனாலும் ஆம்பளக் கைதானே? இம்புட்டுக் காய்க்கு அது போதும்."

அரிவாளை ஓங்கிப் போட்டேன். பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தால் பூசணியும் கூடவே வந்தது.

"வெட்டு விழுந்துருச்சுல்ல? தள்ளு" என்ற அக்கா, அரிவாளோடு பூசணியைத் தூக்கி அம்மியில் ஓங்கி அடித்தாள். அது இரண்டாகப் பிளந்தது. முதல் வெட்டு என்னுடையது என்பதால் முறைக்கு ஒரு குறையும் இல்லை.

மதியம் மாப்பிள்ளையின் அம்மா இரண்டாம் முறையும் கூட்டுக் கேட்டு வாங்கிய பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். காய்ச்சல்காரனுக்குப் பூசணி ஆகாது என்று என் மனைவியே அதைச் சாப்பிட்டுவிட்டாள். நன்றாக இருந்ததாம்.