பேட்டரிக்கும் ஒரு டிக்கெட்

இந்த மலையில் பேட்டரிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். வடகவுஞ்சியில் நான் பஸ் ஏறும்போதே கண்டக்டர் என் கையைப் பார்த்துவிடுவார். "யம்மா, அந்த ஆசிட் பொட்டியைக் கடைசிப் படிகிட்ட வைங்க. யாரு சேலையிலயாவது பட்டுப் பொத்துப்போச்சுன்னா எங்கிட்டத்தான் சண்டைக்கு வருவாங்க" என்பார். எனக்கு ஒரு டிக்கெட், பேட்டரிக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அது என்ன ஆளா என்று ஆரம்பத்தில் நான் சண்டை போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒருத்தி மடியில் கோழியோடு உட்கார்ந்திருப்பாள், அவளை ஒன்றும் கேட்க மாட்டார். சிலோனில் எங்கள் தோட்டத்துப் பக்கத்து பஸ்ஸில் ஆட்டுக்குட்டியே ஏறும், ஏனென்று கேட்க ஆளில்லை. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையை இங்கே எல்லோரும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். செண்பகனூர் வரைக்கும் நானும் அவர்களை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு போவேன்.

இன்னும் அங்கே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களும், என்னைப்போல் கப்பலேறி வந்து இந்த நாட்டில் எங்கெங்கோ கிடப்பவர்களும் படிப்பீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். மண்டபம் முகாமில் எங்களுக்குக் கொடைக்கானல் மலை என்று சொன்ன அதிகாரி, "உங்களுக்குப் பழகின குளிருதானே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. குளிர் அதேதான், பனியும் அட்டையும் அதேதான். ஆனால் அங்கே விடிந்தால் தப்பு அடிப்பார்கள், நேரத்துக்கு பேக்டரிச் சங்கு ஊதும். இங்கே எங்களை யாரும் எழுப்புவதில்லை. என் வீட்டுக்காரர் வேலு காண்ட்ராக்டரிடம் வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கப் போவார். நான் காப்பித் தோட்டத்தில் களை வெட்டப் போவேன். கொழுந்து எடுத்துப் பழகிய விரல்கள் மண்வெட்டிப் பிடிக்குக் காய்த்துப்போகவே நாளானது. ரோட்டுக்கு மேலே வரிசையாகப் பட்டைக் குடிசைகள் போட்டு இருக்கிறோம். கீழே ஊருக்குள் கரண்ட் உண்டு, எங்களுக்குக் கிடையாது.

அங்கிருந்து நாங்கள் கொண்டுவந்ததில் உருப்படியானது ஒரு ரேடியோ. முகாமில் கிடந்த காலத்தில் உள்ளேயிருந்த செல்கள் ஒழுகி, ஸ்பிரிங் எல்லாம் அரித்துப்போய், இனி செல் போடவே வழியில்லை என்றாகிவிட்டது. வேலு விடவில்லை. காண்ட்ராக்டரின் பழைய ஜீப்பிலிருந்து கழித்த பேட்டரி ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு வயர் இழுத்து ரேடியோவோடு கட்டினார். ஒரு செம்புக் கம்பியை வாட்டில் மர உச்சியில் கட்டியதும் கொழும்பு ரேடியோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டது. கீழே டீக்கடையில் பெரிய செட் இருக்கிறது. அதில் கொழும்பு என்றால் வெறும் இரைச்சல்தான். மேலே இருந்த குடிசைகளுக்கெல்லாம் எங்கள் பெட்டி ஒன்றுதான் காது.

எதற்கு அந்தக் காது என்று சொல்ல வேண்டும். எங்கள் மகள் புஷ்பம் வரவில்லை. மருமகன் கணேசன் வீட்டுப் பக்கம் சிலோன் பிரஜை, எங்களுக்கு இந்தியா பாஸ்போர்ட். ஒரே அடுப்பில் சோறு தின்றவர்களை இரண்டு நாட்டுக்காரர்கள் ஆக்கிவிட்டார்கள். நாங்கள் புறப்பட்ட அன்று தோட்டத்து வளைவில், இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். "கடுதாசி வர நாளாகும்மா. நான் ரேடியோவுக்கு எழுதிப் போடுறேன். பேரு கேட்டா நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்கங்க" என்றாள். நான் அழுதுகொண்டிருந்ததில் பாதிதான் காதில் விழுந்தது.

சொன்னபடி செய்தாள். மத்தியானம் நேயர்கள் கேட்கும் பாட்டுப் போடுவார்களே, அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்துப் பெயர் வரும். "மேல்பிரிவு கணேசன், புஷ்பம், பிள்ளைகள், இந்தியாவில் வடகவுஞ்சியில் இருக்கும் அம்மா பொன்னம்மா, அப்பா வேலு" என்று அறிவிப்பாளர் மூச்சு விடாமல் வாசிப்பார். முதல்முறை கேட்டபோது குடிசைச் சனமெல்லாம் கைதட்டினார்கள். என்ன பாட்டுப் போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெயர்கள் வரும்வரைதான் எனக்குக் காது, அதற்குப் பிறகு கண்ணீர்தான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெயர்கள் வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு மறுமுறை வரைக்கும் ஓட்டுவேன்.

பேட்டரியைச் சார்ஜ் ஏற்ற செண்பகனூருக்குப் போகத் தொடங்கியது அப்போதுதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அந்தோணி கடை. சைக்கிள் ரிப்பேர், டயர் பஞ்சர், பேட்டரி சார்ஜ் எல்லாம் அவர்தான். பலகையில் வரிசையாகப் பேட்டரிகளை வைத்து வயர் மாட்டியிருப்பார். நன்றாக ஏறும் பேட்டரி உலை கொதிப்பதுபோல் சலசலவென்று குமிழி விடும். மூன்று மூடியையும் கழற்றி, தண்ணீர் குறைந்திருந்தால் பாட்டிலில் இருக்கும் பேட்டரித் தண்ணீரை ஊற்றுவார். முதல்தடவை கூட வந்த என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இதுல குழாத் தண்ணி, ஊத்துத் தண்ணி ஒண்ணும் ஊத்தப்படாது. உப்பு கிப்பு பட்டுச்சோ, சோலி முடிஞ்சது."

அவர் உப்பு என்று குறிப்பாகச் சொன்னதற்குக் காரணம் எங்கள் ஆட்களின் பழக்கம்தான். அங்கே டோச் லைட் செல் செத்துப்போனால் நாம் என்ன செய்வோம்? அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, லயத்துத் தகரத்தின் மேல் காயவைப்போம். இன்னும் இரண்டு நாள் மினுக்மினுக்கென்று எரியும். பேக்டரியில் இரவுக் காவல் பார்த்த வேலுவுக்கு அது கைவந்த வேலை. இங்கே வந்தும் எங்கள் ஆட்கள் அதை விடவில்லை. ஒருமுறை பேட்டரி கொஞ்சம் சோர்ந்தபோது, பக்கத்துக் குடிசைக்காரர் சட்டியில் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். வேலு பாய்ந்து சட்டியைப் பிடுங்கி வாசலில் கொட்டினார். "இது டோச் செல்லு இல்லப்பா. உப்புப் பட்டா செத்துப்போயிரும்" என்று கத்தினார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த ஆடி மாதம் வந்தது. கொழும்பில் கலவரம், மலைநாட்டிலும் தீ என்று டீக்கடைப் பேப்பரைப் படித்தவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கம் என்ன ஆயிற்று என்று எந்தப் பேப்பரிலும் இல்லை. ரேடியோவில் பாட்டெல்லாம் நின்று, ஊரடங்கு அறிவிப்புதான் வாசித்தார்கள். களை வெட்டும்போது எனக்குக் கை ஓடவில்லை. காப்பிச் செடியையே வெட்டிவிட்டு மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன். வாரங்கள் போய் மறுபடி பாட்டுப் போடத் தொடங்கினார்கள். மத்தியானம் கஞ்சி குடிக்கக் குடிசைக்கு ஓடி வந்து பெட்டி முன்னால் உட்காருவேன். பதுளை, அட்டன், நாவலப்பிட்டி என்று பெயர்கள் வரும். உயிரோடு இருக்கிறோம் என்று சொல்வதற்காகவே சனம் எழுதிப் போடுகிறது என்று கேட்கும்போதே தெரியும். எங்கள் தோட்டம் மட்டும் வரவில்லை.

அந்த நாட்களில் வேலுவின் கையில் கோடரி பட்டுவிட்டது. துணி சுற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். ஒருநாள் தோட்டத்தில் வேலை நெருக்கி, மத்தியானம் என்னை விடவில்லை. சாயங்காலம் வந்து பெட்டியைத் திருகினால் சத்தமே இல்லை. "பேட்டரி எறங்கிருச்சு புள்ள" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஏற்றிக்கொண்டு வந்து அதிக நாளாகவில்லையே என்று எனக்கு எரிச்சல். வயர் விட்டுப்போயிருக்கும் என்று இழுத்துப் பார்த்தேன். முனையில் பூத்திருந்த வெள்ளைப் பூஞ்சணத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, பழைய பிளேடால் சுரண்டி, திரும்ப முறுக்கிக் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் எழுந்து வந்து உதவவுமில்லை. கை வலி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வெள்ளனே பஸ் ஏறினேன். அந்தோணி வாங்கிப் பலகையில் மாட்டிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் போனபோது மற்ற பேட்டரிகளெல்லாம் கொதித்துக்கொண்டிருக்க, என்னுடையது மட்டும் சும்மா கிடந்தது.

"ராப்பூரா போட்டும் ஏறலம்மா" என்றார் அந்தோணி. கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சிப் பார்த்தார். உள்ளேயிருந்த மிதவை எழும்பவே இல்லை. மூடியருகே மூக்கை வைத்து முகத்தைச் சுளித்தார். "மோந்து பாருங்க. கெணத்துல போடுற பவுடர் வாடை அடிக்குதா? யாரோ உப்புத் தண்ணி ஊத்தியிருக்காங்க. மூணு அறையிலயும் ஊத்தியிருக்கு. பிளேட்டு பூராம் போச்சு. இனி இது கெடக்கட்டும், காயலாங்கடைக்குத்தான்."

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது. எனக்கு ரேடியோ கட்டாயம் வேண்டும், மகள் அங்கே இருக்கிறாள் என்றேன். அவர் ஆறுதலாகத்தான் கேட்டார்.

"மக கட்டிக்கொடுத்த பிள்ளைதான?"

"ஆமா."

"அப்ப அது அவங்க வீட்டுப் பிள்ளைதானே. அவுக பாத்துக்கிடுவாங்கம்மா. நீங்க எதுக்கு இங்க கெடந்து வெசனப்படுறீங்க?"

இந்த ஊரில் பெண்ணைப் பழனியில் கட்டிக்கொடுத்தவர்கள் நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கடல் என்றால் என்னவென்று அவருக்கு எப்படிச் சொல்வது? கோபம் வந்தது, ஆனால் மனுஷர் நல்லவர். எங்கோ கிடந்த பழைய பேட்டரி ஒன்றைத் தூசி தட்டி, "இதை வச்சு ஓட்டுங்க, பெறகு பாத்துக்கிடலாம். வெரசாப் போங்க, பஸ் வருது" என்று கையில் கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் வேலுவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். காட்டுப் புத்தி, லயத்துப் புத்தி, எத்தனை தடவை சொன்னாலும் உறைக்காது, உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறாரே மனுஷன் என்று பொருமினேன். பெருமாள்மலை திரும்பும்போதுதான் அந்தச் சட்டி ஞாபகம் வந்தது. பாய்ந்து பிடுங்கி வாசலில் கொட்டியவர் அவர்தானே. உப்பு என்ன செய்யும் என்று எங்கள் குடிசைகளில் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். தெரிந்தேதான் ஊற்றியிருக்கிறார். வடகவுஞ்சியில் இறங்கும்போது என் டிக்கெட்டும் பேட்டரி டிக்கெட்டும் கையில் கசங்கித் தூளாகியிருந்தன.

அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். பேட்டரியைக் கீழே வைத்தேன். வயரை நானே எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டாத புள்ள."

"ஏங்க ஊத்துனீங்க?"

வயரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "முந்தாநாள் நம்ம தோட்டத்துப் பேரு வந்துச்சு. கணேசன்னு சொன்னாங்க. பிள்ளைங்க பேரச் சொன்னாங்க. ஒம்பேரு, எம்பேரு சொன்னாங்க." அதோடு நிறுத்திவிட்டார்.

புஷ்பம் பெயர் வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவரே சொன்னார்: "அவ பேரு வரல. தப்பா விட்டுருப்பாங்கன்னு நெனச்சேன். நெனச்சுப் பாத்தேன் புள்ள, முடியல. கணேசன் அப்பிடி விடமாட்டான். கடுதாசி எழுதக் கை வராம, அவ பேர மட்டும் எடுத்துட்டு அனுப்பியிருக்கான். திரும்பவும் அதே மாதிரி வாசிச்சு, நீ அதக் கேட்டுடக் கூடாதுன்னுதான்." அடுப்பு அணைந்திருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கார்த்திகையில் கணேசனிடமிருந்து கடிதம் வந்தது. லயத்துக்குத் தீ வைத்தபோது எல்லோரும் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தார்களாம். விடாத மழையாம். புஷ்பம் நிறைமாதம், அங்கேயே வலி கண்டு, ஆஸ்பத்திரிக்குப் பாதை இல்லாமல் செத்துப்போயிருக்கிறாள். நாங்கள் அதற்குள் அழுது முடித்திருந்தோம், அல்லது முடித்துவிட்டதாக நினைத்திருந்தோம். இங்கே துக்கம் கேட்க வந்தவர்கள் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். எடுக்கவில்லை, பார்க்கவில்லை, அது அங்கே என்றேன். பிணமில்லாத துக்கத்துக்கு எவ்வளவு நேரம் உட்காருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டீத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

ரேடியோவைத் திரும்ப மாட்டச் சொன்னது நான்தான். புஷ்பம் சொன்ன வழியிலேயே நானும் ஒரு கார்டு எழுதினேன். இந்தியாவிலிருந்து எழுதினாலும் வாசிப்பார்கள். வேலு பக்கத்தில் இருந்து எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்களுக்கு வந்ததும், "அவ பேரையும் போடலாமா?" என்று கேட்டார். போடக்கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் போட்டேன்.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் வாசித்தார்கள். வெளியே மழைப்பனி, செம்புக் கம்பி ஆடி ஆடிக் குரல் வந்து போனது. "கொடைக்கானல், வடகவுஞ்சியிலிருந்து வேலு, பொன்னம்மா, புஷ்பம்" என்றார் அந்த அறிவிப்பாளர், மூச்சு விடாமல். இந்த மலையைக் கண்ணால் பார்க்காத என் மகளை, அவள் செத்த மண்ணில் இருந்துகொண்டு, வடகவுஞ்சிக்காரி என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னார். அங்கே கணேசனும் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். கேட்டு என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியாது.

பாட்டுத் தொடங்குவதற்கு முன்னால் வேலு எழுந்து வயரைக் கழற்றினார். "எறங்கிப்போயிரும்" என்றார். அதற்குப் பிறகு மாதம் ஒரு கார்டு போடுகிறேன், மூன்று பெயரோடு. பேட்டரி இறங்கினால் பஸ் ஏறுகிறேன். கண்டக்டர் எனக்கு ஒன்று, அதற்கு ஒன்று கிழித்துத் தருகிறார். இப்போதெல்லாம் நான் அவரோடு சண்டை போடுவதில்லை. வடகவுஞ்சியிலிருந்து இரண்டு பேர் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.