பாவாடை சொன்ன மழை

மரக்காணத்தில் ஈசிஆர் ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாவாடைக்கு ஒரு பெருமை உண்டு. கனடாவிலிருந்து வந்த ஒரு ரேஸ்காரப் பையனின் பிழைப்பை மூன்றே வார்த்தையில் முடித்துவைத்தவன் இந்தத் தாலுகாவில் அவன் ஒருத்தன்தான். டயரைக் கழற்றிக்கொண்டே இதை அவனே சொல்லிவிடுவான். ஊரார் சொல்லிச் சிரிப்பதற்குள் தானே சொல்லிக்கொண்டால் அடி கொஞ்சம் மெதுவாக விழும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

வயது நாற்பது. சின்ன வயதில் அப்பாவோடு உப்பளத்தில் வேலை, அப்புறம் டயர். மனைவி பாஞ்சாலை இன்றைக்கும் உப்பு வாரப் போகிறாள். அளத்தில் அவனுக்கு மரியாதை ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்: மழை. வாரிக் குவித்த உப்பின் மேல் மழை விழுந்தால் ஒரு வாரப் பாடு தண்ணீராய் ஓடிவிடும். அதனால் வானம் கறுத்ததும் எல்லாரும் பாவாடையின் மூஞ்சியைப் பார்ப்பார்கள். அவன் பிடரியைத் தடவிக்கொண்டு காற்றை ஓர் இழுப்பு இழுப்பான். "வருது" என்பான். உடனே அம்பாரத்தின் மேல் கீற்றும் தார்ப்பாயும் ஏறிவிடும். மழையும் வந்துவிட்டால், பாவாடை சொன்னா சொன்னதுதான் என்று நாலு நாளைக்குப் பேச்சாக இருக்கும். கடை வைத்த பிறகும் அளத்திலிருந்து போன் போட்டுக் கேட்கிறவர்கள் உண்டு.

பாஞ்சாலையின் தம்பி சிவஞானம், ரேஸ் கார்களை ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறான். போன வருஷம் அவன்தான் வந்து ஆசை காட்டினான்.

"மாமா, எங்க டீமுக்கு டயர் மாட்ட ஆள் வேணுமாம். அஞ்சு சனி ஞாயிறுதான். வர்றியா?"

கேட்டு முடிப்பதற்குள் பாவாடை சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சென்னைக்கு மேற்கே இருந்தது அந்த ரேஸ் டிராக். அங்கே நின்ற வண்டியைப் பார்த்ததும் அவனுக்குப் பாவமாக இருந்தது. மேலே கூரை இல்லை, மட்கார்டு இல்லை, நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அதைவிடக் கூத்து டயர். மொட்டை டயரோடு கடைக்கு வருகிறவனையெல்லாம் பதினைந்து வருஷமாகத் திட்டிப் பழகிய வாய் அவனுடையது. இங்கேயோ புது டயரே மொட்டையாகத்தான் வருகிறது. காய்ந்த ரோட்டில் அதுதான் பிடிக்குமாம். மழைக்கு மட்டும் கோடு வெட்டிய டயராம். இது தெரியாமல் முதல் நாளே நாலு புது டயரைத் தேய்ந்துபோனது என்று குப்பைப் பக்கம் உருட்டிவிட்டான் நம்ம ஆள். டீம் என்ஜினியர் அஸ்வினி, சென்னைப் பெண், அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள்.

அந்த வண்டியை ஓட்டியவன்தான் ரோரி. பத்தொன்பது வயது, கனடா. அப்பா அங்கே ரோட்டில் விழும் பனியைத் தள்ளுகிற வண்டியின் டிரைவர். ஏழு வயதில் பையனைக் குட்டிக் காரில் உட்காரவைத்தவர், அதற்கப்புறம் கையில் இருந்ததையெல்லாம் அந்தக் காருக்குள்ளேயே போட்டுவிட்டார். அமெரிக்காவில் இரண்டு வருஷம் ஓட்டினான். நாலு கோப்பை வாங்கினான். மூன்றாவது வருஷம் எந்த டீமிலும் இடம் கிடைக்காமல் இந்தியாவுக்கு வந்தான். இந்த ஐந்து வாரத்தில் மொத்தப் புள்ளியில் முதலாவதாக வந்தால், ஐரோப்பாவில் ஒரு டீம் ஒரு வருஷம் தன் செலவிலேயே அவனை ஓட்டவைக்கும். இல்லையென்றால் வீடு. இதை அவன் பாவாடையிடம் விரல் விட்டுச் சொல்லிக் காட்டியிருக்கிறான். ஒரு விரல் ஐரோப்பா, ஒரு விரல் வீடு. மூன்றாவது விரலை மடக்கிக்கொண்டான்.

இரண்டாவது வாரம் நல்ல வெயிலில் பாவாடை பிடரியைத் தடவிக்கொண்டு, "ரெயின்" என்றான். கால்மணியில் கொட்டியது. மூன்றாவது வாரமும் சொன்னான், அதுவும் பலித்தது. ரோரி முன்கூட்டியே மழை டயர் மாட்டிக்கொண்டு போய் ஜெயித்தும்விட்டான். அவ்வளவுதான், பாவாடைக்குத் தலைகால் புரியவில்லை. ரோரி அவனை "பாவ்" என்று கூப்பிட்டுத் தோளில் கை போட்டுக்கொண்டான். பாவாடை ஊருக்கு வந்து, பஞ்சர் ஒட்ட வந்தவர்களையெல்லாம் நிற்கவைத்து இந்தக் கதையைச் சொன்னான்.

"என்னாய்யா, கடையில இருக்கறதே இல்ல. இப்ப வானிலை ஆபீஸ் வேலையும் சேத்துப் பாக்கறியா?" என்றாள் பாஞ்சாலை.

"அங்க கம்ப்யூட்டர் இருக்குது. ஆனா பையன் என்னத்தான் பாக்கறான்" என்றான் பாவாடை. சொல்லும்போது மீசையை வேறு தடவிக்கொண்டான்.

கடைசி வாரம், கடைசி ரேஸ். ரோரி நாலு புள்ளி முன்னால் இருந்தான். அடுத்து இருந்த பெங்களூர்ப் பையன் பரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தால் போதும். மொத்தமே அரைமணி நேர ஓட்டம். நடுவில் டயர் மாற்ற நின்றால் எல்லாம் போச்சு. கிளம்புவதற்கு ஐந்து நிமிஷம் முன்புவரைதான் டயர் முடிவை மாற்றலாம்.

கிழக்கே மேகம் திரண்டிருந்தது. அஸ்வினி லேப்டாப்பைக் காட்டி, மேகம் தெற்கே ஒதுங்குகிறது, மொட்டை டயரே போதும் என்றாள். வண்டிக்குள் இறுகக் கட்டிப்போட்டதுபோல உட்கார்ந்திருந்த ரோரி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாவாடையைப் பார்த்தான்.

காற்று திரும்பியிருந்தது. பிடரியில் சில்லென்று ஒன்று தொட்டது, ஆனால் லேசாகத்தான். அளமாக இருந்தால் இந்த அளவு போதும். பாவாடை யோசிக்கவே இல்லை.

"ரெயின். டென் மினிட்" என்றான்.

மழை டயர் மாட்டச் சொன்னான் ரோரி. அஸ்வினி ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள். முடிவு டிரைவருடையது. பாவாடையே நாலு டயரையும் மாட்டினான், அதுவும் ரொம்பச் சுறுசுறுப்பாக.

வண்டிகள் கிளம்பி மூன்றாவது சுற்றில் வெயில் அடித்தது. சும்மா இல்லை, பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. காய்ந்த ரோட்டில் மழை டயர் ஆறு சுற்றுக்குத் தாங்கியது, அப்புறம் சதைசதையாகப் பிய்ந்து பறந்தது. ஒவ்வொருத்தனாக ரோரியைத் தாண்டிப் போனார்கள். பாவாடை வானத்தைப் பார்த்து, வந்துடு, வந்துடு என்று வாய்விட்டே கெஞ்சினான். ரோரி பதினோராவதாக வந்தான். பரத் ஜெயித்தான். புள்ளிக் கணக்கிலும் பரத்தான் முதல்.

அந்த நேரம் பார்த்துப் பாஞ்சாலை போன் போட்டாள்.

"என்னாய்யா, நீ சொல்லாமலேயே இங்க மழை பிச்சிக்கினு கொட்டுது."

அவன் பிடரி பொய் சொல்லவில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளிச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். பாவாடை போனை வைத்துவிட்டான்.

இதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. ஐரோப்பா டீமிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பட்டம் போனாலும் அவருக்கு ரோரி ஓட்டும் விதம் பிடித்திருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் நின்று அவனிடம் பேசிக்கொண்டிருந்தார். மழை டயர் ஏன் என்று கேட்டார். வானத்தைப் பார்த்து நானே முடிவெடுத்தேன், தப்பாகிவிட்டது என்றான் ரோரி. பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பாவாடைக்குப் பேச்சு புரியவில்லை. பையன் தலைகுனிந்து நிற்பது மட்டும் தெரிந்தது. தன்னால் கெட்டதைத் தானே சரிசெய்ய வேண்டும் என்று நேராகப் போய் நடுவில் நின்றான்.

"சார், ரெயின் ஐ டெல். ஹி நோ மிஸ்டேக். ஐ டெல், ஹி டூ."

இவர் யார் என்று பெரியவர் கேட்டார். டயர் மாட்டுகிறவர் என்றான் ரோரி, காது சிவந்துபோய். பெரியவர் பாவாடைக்கும் கைகொடுத்தார், ரோரிக்கும் கொடுத்தார், போய்விட்டார்.

அஸ்வினி ஓடிவந்து பாவாடையை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னாண்ணே பண்ணிட்டீங்க. தப்பா முடிவெடுக்கற டிரைவரை அவங்க மன்னிப்பாங்க. டயர் மாட்றவர் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கறவனை எவன் எடுப்பான்?"

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. சிவஞானம் வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலம் லாரி சீட்டிலேயே கிடந்தது.

மறுநாள் காலை ரோரி டாக்ஸிக்காகப் பெட்டியோடு நின்றான். பாவாடை, "சாரி" என்று சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு பக்கத்தில் போனான். ரோரி முந்திக்கொண்டு என்னவோ கேட்டான்.

"நீங்க சொல்லி மழை வராமப் போனது எத்தனை தடவைன்னு கேக்கறான்" என்றாள் அஸ்வினி.

இந்தக் கேள்வியை அவனிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை.

"நெறைய இருக்கும்மா. பத்துக்கு ஆறேழு வராது."

"அப்புறம் எப்படிண்ணே ஊர்ல நம்பறாங்க?"

"அளத்துல மூடிவச்சா நஷ்டம் இல்லம்மா. மழை வரலன்னா காலைல தார்ப்பாய எடுத்துட்டு வேலையப் பாப்பாங்க. ஏன்டா சொன்னன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். வராதுன்னு சொல்லி வந்துட்டாத்தான் உதை. அதனால சந்தேகம் வந்தாலே வருதுன்னு சொல்லிடுவோம். எனக்கு அதுவே பழக்கமாயிடுச்சு. அங்க மூடறது வேற, இங்க டயர் மாட்றது வேறன்னு எனக்கு உறைக்கல."

அஸ்வினி முழுவதையும் சொன்னாள். ரோரி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் சொன்னதை அஸ்வினி தமிழில் சொன்னாள்.

"அவங்கப்பாவும் இப்படித்தானாம். பனி வருது பனி வருதுன்னு ஊரையே எழுப்பி விட்டுடுவாராம். உங்களைப் பாத்தா அவர் நெனப்பு வந்துச்சாம். அதான் என் லேப்டாப்பைப் பாக்காம உங்களைப் பாத்தானாம்."

"இனிமே என்னா பண்ணப் போறானாம்மா?"

"அவங்கப்பாவோட பனி தள்ற வண்டியிலயே ஏறப் போறானாம். ரேஸ் இத்தோட சரியாம்."

மனப்பாடம் செய்த ஒரே வார்த்தையும் பாவாடைக்கு மறந்துபோனது. பெட்டியைத் தூக்கி டாக்ஸியின் டிக்கியில் வைத்தான். அதையாவது ஒழுங்காக வைப்போம் என்று இரண்டு தடவை நகர்த்தி வைத்தான்.

ரோரி ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினான். மேலே விரலைக் காட்டினான். வானம் நாலு பக்கமும் கறுத்துக் கிடந்தது.

"பாவ், ரெயின்?"

பாவாடையின் கை தானாகப் பிடரிக்குப் போனது. பாதியில் அதை இறக்கிக்கொண்டான்.

"தெரியலப்பா" என்றான்.

அஸ்வினி அதை இங்கிலீஷில் சொன்னாள். ரோரி சரி என்று தலையாட்டினான். டாக்ஸி கிளம்பியது.