கத்தார் புத்தியும் கலஹா கேஸும்

கலஹாவில் யோகராஜைத் தெரியாதவர்கள் குறைவு. பதினோரு வருடம் கத்தாரில் இயற்கை வாயு ஆலையில் வேலை செய்துவிட்டு வந்தவர். வாயைத் திறந்தால் கத்தார்தான். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர், பேராதனை வருவதற்குள் அரை இஞ்சினியர் ஆகிவிடுவார். கடலடியிலிருந்து வருகிற வாயுவை மைனஸ் நூற்று அறுபது பாகைக்குக் குளிரவைத்தால் தண்ணீர் மாதிரி ஆகுமாம். அறுநூறு பங்கு ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலேறுமாம்.

"அதுக்கு மணமே கெடையாதுங்க. ஒழுகுனா தெரியட்டும்னு வீடுகளுக்குக் குடுக்கிறப்பதான் நாத்தத்தைக் கலக்குறாங்க" என்பார்.

அந்த நாற்றம் அவர் மனைவி கஜலட்சுமிக்கு மட்டும் தெரியாது. கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு மூக்கு வேலை செய்வதில்லை. கருவாடும் ஒன்றுதான், மல்லிகையும் ஒன்றுதான். அந்தப் பயத்தில் யோகராஜ், வாயு கசிந்தால் கத்துகிற கருவியைக் கத்தாரிலிருந்தே கொண்டுவந்து, அடுப்படியில் கூரையை ஒட்டிப் பூட்டினார். ஆலையில் அப்படித்தான் பூட்டுவார்கள். குளிருக்குப் பின்கதவின் அடியில் சாக்கையும் சுருட்டி வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில் அவர் வேலை முடிந்து வந்தபோது இரண்டு பெண்கள் முற்றத்தில் நின்றார்கள். கஜலட்சுமியின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டு றலியா ராத்தாவின் கையில் நெருப்புப் பெட்டி.

"பொரிக்க இரவல் வாங்கின தாச்சியக் குடுக்க வந்தேன், தம்பி. உள்ளுக்குப் போனா ஒரே கேஸ் மணம். இவ சாமி வெளக்குக்கிட்ட குச்சிய எடுத்துக்கிட்டு நிக்கிறா. பறிச்சுக்கிட்டு இழுத்து வந்துட்டேன்."

யோகராஜ் எந்த சுவிட்சையும் தொடாமல் சிலிண்டரை மூடினார். சாக்கை இழுத்தெறிந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். ரப்பர் குழாய் வெடித்திருந்தது. மேலே கருவியின் பச்சை விளக்கு ஒன்றுமே நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கத்தார் வாயு காற்றைவிட லேசு, மேலே ஏறும். நம் சிலிண்டரில் இருப்பது வேறு வாயு. அது காற்றைவிடப் பாரம், தரையிலேயே தேங்கும். சாக்கை வைத்து அதற்கு அணை கட்டியவரும் அவரேதான்.

முற்றத்துக்கு வந்தவர் றலியாவைப் பார்த்துக் கைகூப்பினார். கண் கலங்கிவிட்டது.

"எம் புத்தி கத்தார்லயே நின்னுபோச்சு, ராத்தா. இவ இன்னைக்கு உசிரோட நிக்கிறது ஒங்களாலதான்."

"அல்லாஹ் காப்பாத்தினான். நான் தாச்சி கொண்டு வந்தவ" என்றாள் றலியா.

மறுநாளே கண்டியில் சிலிண்டர் கேஸுக்கென்றே விற்கிற கருவியை வாங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே பூட்டினார் யோகராஜ். அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் கஜலட்சுமி அதை நம்பிக் குச்சியைக் கிழிப்பதில்லை. மஃரிப் தொழுகைக்கு முன்னால் றலியா வந்து, அடுப்படியில் குனிந்து மோந்து பார்த்து, "பத்த வைங்க" என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் சாமி விளக்கு எரிகிறது.