நீலக் கோட்டு போட்ட பொம்மை

இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. இருட்டில் யாரோ ஒற்றை ஆள் பார்த்து மிரண்ட சமாசாரமும் இல்லை. இங்கிலாந்தில், எங்கள் மார்ஃபீல்ட் ஊர்ச் சந்தைத் திடலில், பகல் வெளிச்சத்தில், ஊரே கூடி நின்று காதால் கேட்டது. ஆனால் கேட்டது என்னவென்று புரிந்தது ஒரே ஒருவனுக்குத்தான். காலுறை நெய்யும் நேத்தனுக்கு.

1793, ஜனவரி மாதம். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ராஜாவைச் சிறையில் போட்டிருந்தார்கள். ராஜாவே வேண்டாம் என்று சொல்லும் புத்தகம் ஒன்று எங்கள் பக்கமும் கைமாறிக்கொண்டிருந்தது. அதை எழுதியவனைப் போல வைக்கோல் பொம்மை செய்து, விசாரணை நடத்தி, தூக்கில் தொங்கவிட்டு எரிப்பது அப்போது ஊர் ஊராக நடந்தது. எரிக்காத ஊர் ராஜத்துரோக ஊர்.

எங்கள் ஊரில் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவன் ஜேபஸ். செருப்புத் தைப்பவன். ராத்திரியில் பட்டறைக்குள் உட்கார்ந்து உரக்க வாசிப்பான். ஜன்னலில் இரண்டு தலைகளின் நிழல் தெரிந்ததைச் சிலர் பார்த்துவிட்டார்கள். ஒரு தலை ஜேபஸ். இன்னொன்று யார்?

நேத்தன்தான். அது ஜேபஸுக்கும் நேத்தனின் மனைவி சூசனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் "ராஜா வாழ்க" என்று கத்திக்கொண்டு ஒரு கும்பல் ஜேபஸின் பட்டறையை நொறுக்கியது. அவனை ஊர் எல்லைவரை அடித்து விரட்டியது. அன்று ராத்திரி கடும் பனி. நேத்தன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

டொக்... டொக்...

"நேத்தா... குளிருதுடா. ஒரு ராத்திரிடா..."

சூசன் எழுந்தாள். நேத்தன் அவள் வாயைப் பொத்தினான். கொஞ்ச நேரம் கழித்துப் பனியை மிதிக்கும் சத்தம் கேட்டது. சரக்... சரக்... அப்புறம் அதுவும் இல்லை.

அடுத்த வாரம் பொம்மை எரிப்பு. நடத்துபவர் ஹாலம் முதலாளி. நேத்தன் நெய்யும் தறி அவருடையது. குடியிருக்கும் வீடும் அவருடையதுதான்.

"நேத்தா, தூக்குக் கயித்த நீதான் இழுக்கணும்," என்றார்.

"நானா? ஏன் முதலாளி?"

"நீ ஜேபஸோட சிநேகிதன்தானே? உன் கை நடுங்குதான்னு ஊரு பாக்கட்டும். நடுங்கலன்னா தறி உனக்கு. நடுங்குச்சுன்னா... நீயும் ஊர விட்டு வண்டி கட்டிக்க."

பொம்மைக்குக் குரல் கொடுக்க ஓர் ஆள் உண்டு. வில் பர்கிஸ். யார் மாதிரி வேண்டுமானாலும் பேசுவான். பொம்மையை ஏற்றிவரும் வண்டியைச் சுற்றிக் கோணி தொங்கவிட்டு, அவன் அடியில் ஒளிந்துகொள்வதாக ஏற்பாடு.

மத்தியானம் சத்திரத்து முற்றத்தில் பொம்மையைக் கட்டினார்கள். நேத்தனும் வைக்கோல் அடைத்தான். உருளைக்கிழங்குச் சாக்குதான் அதற்குச் சட்டை. ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தான்.

மூன்று மணிக்கு வண்டி திடலுக்குள் வந்தது.

பொம்மை நீலக் கோட்டு போட்டிருந்தது.

இடது முழங்கையில் பழுப்பு ஒட்டு. கறுப்பு நூல் தையல். அந்த ஒட்டைத் தைத்தவள் சூசன். ஜேபஸ் விரட்டப்பட்ட அன்று அந்தக் கோட்டோடுதான் போனான்.

"கோட்டு யாருடா போட்டது?" என்று நேத்தன் வண்டிக்காரனைக் கேட்டான்.

"நீ போடலயா? நீதான் போட்டேன்னுல்ல நெனச்சேன். எடுத்து வைக்கறதுக்குள்ள இடுப்பு போச்சுப்பா. உள்ள என்ன கல்லா அடச்ச?"

நாய் ஒன்று வண்டியின் கோணிக்குள் நுழைந்தது. மறுபக்கம் நேராக வெளியே வந்தது. குரைக்கவில்லை. அடியில் ஆள் இருந்தால்... நேத்தன் மேலே யோசிக்கவில்லை.

ஹாலம் நீதிபதியின் பொய்முடிக்குப் பதில் ஓர் ஆட்டுத்தோலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்தார்.

"பேரச் சொல்லுடா!"

பொம்மை பக்கமிருந்து குரல் வந்தது.

"எனக்குக் குளிருது."

திடல் அதிரச் சிரிப்பு. "செத்த பொறுடா கண்ணு, கொளுத்தினா சூடாயிடும்!" என்று ஒரு மீன்காரி கத்தினாள்.

"அப்படியே ஜேபஸ்டா! வில்லு, நீ கெட்டிக்காரன்டா!"

நேத்தன் சிரிக்கவில்லை.

ஹாலமுக்கு உற்சாகம் பிறந்தது. "ஜன்னல்ல ரெண்டு தலை தெரிஞ்சுதே. இன்னொருத்தன் எவன்?"

சிரிப்பு அடங்கியது. எல்லோருக்கும் அது தெரிய வேண்டும்.

நேத்தன் கையில் இருந்த கயிறு விறைத்தது.

அவன் இன்னும் இழுக்கவில்லை...

"சொல்ல மாட்டேன்," என்றது குரல்.

"சொல்லுடா!"

"அவனே என்னத் தேடி வருவான்."

"இழுடா நேத்தா!"

இழுத்தான். வைக்கோலின் கனம் இல்லை அது. தோள் பிய்ந்துவிடும் போல இருந்தது. கை நடுங்காமல் இழுத்தான்.

பொம்மை அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"ஒரு ராத்திரிடா..."

மெதுவாக. அவனுக்கு மட்டும்.

கொளுத்தினார்கள். கோட்டு சாம்பலாகும்வரை ஊரே பார்த்தது. ஹாலம் நேத்தனின் முதுகில் தட்டினார். தறி தப்பியது.

நேத்தன் நேராகச் சத்திரத்துக்கு ஓடினான். கதவருகே ஜேபஸ் சொன்னது வில்லுக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்டே ஆக வேண்டும்.

"வில்லா? மத்தியானத்துலேர்ந்து குடிச்சிட்டு குதிரைக் கொட்டாயில கெடக்கான். எந்திரிக்கவே இல்லையே," என்றாள் சத்திரக்காரி.

வைக்கோல் போரில் வில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"என்னடா நேத்தா... விசாரணை ஆரம்பிச்சாச்சா?"

மார்ச்சில் பனி உருகியது. காலுறை மூட்டையைப் பக்கத்து ஊருக்குச் சுமந்துகொண்டு நேத்தன் மேட்டுப் புல்வெளி வழியாகப் போனான். வேலியோரம் காலில் ஏதோ தட்டியது.

ஜேபஸ்.

பனிக்குள் அப்படியே உறைந்து கிடந்தான். அத்தனை நாளும் அவனை யாரும் தேடவில்லை. யார் கண்ணிலும் அவன் படவில்லை. நேத்தன் காலில்தான் தட்டினான்.

விரட்டப்பட்ட ராத்திரியே செத்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். பொம்மையை எரித்தது அதற்கு அடுத்த வாரம்.

நீலக் கோட்டு உடம்பிலேயே இருந்தது. இடது முழங்கையில் பழுப்பு ஒட்டு. கறுப்பு நூல் தையல்.

தூக்கும்போது கோட்டுக் கைக்குள்ளிருந்து வைக்கோல் உதிர்ந்தது. "குளிருக்கு அடச்சிருப்பான், பாவம்," என்றார்கள்.

நேத்தன் குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தான்.

நுனியெல்லாம் கருகியிருந்தது.