அண்ணியின் விதை உளுந்து

எங்கள் தெருவில் எனக்கு டிப்ஸ் அக்கா என்று பெயர். திண்டிவனத்தில் இருபது வீடுகள் இருக்கிற சின்னத் தெரு. யார் வீட்டில் கரப்பான் பூச்சி வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். சர்க்கரையும் சமையல் சோடாவும் சமமாகக் கலந்து மூடியில் வை என்பேன். எறும்புக்கு மஞ்சள் தூள், பல்லிக்கு முட்டை ஓடு, துணிப் பெட்டிக்குப் பழைய சாக்ஸில் முடிந்த பாச்சா உருண்டை, கதவு கிறீச்சிட்டால் மெழுகுவர்த்தித் துண்டு. தேய்ந்த டூத் பிரஷ்ஷுக்கு என் வீட்டில் ஓய்வே கிடையாது. "எனக்கு வயசானா என்னையும் எதுக்காவது யூஸ் பண்ணிக்குவ நீ" என்பார் என் கணவர்.

எல்லாம் பலித்ததா என்று கேட்காதீர்கள். முட்டை ஓட்டின் மேலேயே ஒரு பல்லி ஏறி உட்கார்ந்திருந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை வெளியில் சொன்னதில்லை. தோற்றதைச் சொல்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

ஆனால் வண்டு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ரவையோ பயறோ எது வந்தாலும் இரும்புக் கடாயில் போட்டு, சிறு தீயில், கை பொறுக்காத சூடு வரும்வரை புரட்டி, ஆறவைத்து, இரண்டு காய்ந்த மிளகாயோடு டப்பாவில் மூடிவிடுவேன். வருடக்கணக்கானாலும் வண்டு எட்டிப் பார்க்காது. பொய்க்காத அந்த ஒரு டிப்ஸில்தான் நான் பெரிய பாவத்தைச் செய்தேன்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பனமலை ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் கொஞ்சம் நிலத்தோடு இருக்கிறார். அவருடைய கைக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. நெல் அறுத்து, ஓர் உழவு ஓட்டி, உளுந்து விதைக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர்கள் முதலில் அண்ணியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தன் வீட்டு விதையைக் கொண்டுபோய், ஈசானி மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் தூவிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் அவரவர் தங்கள் விதையை வீசுவார்கள். அந்தக் கை பட்டால் விளைச்சல் சோடை போகாது என்று நம்பிக்கை. அண்ணி இதைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு தூக்குச்சட்டி நிறைய நல்ல மணியாகப் பொறுக்கி எடுத்து வைப்பதில் அந்தப் பெருமை தெரியும்.

ஐப்பசியில் அண்ணியின் கணவர் இறந்துபோனார். பதினைந்து நாள் விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பலனில்லை. காரியம் முடிந்ததும் அண்ணியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரு பை துணியும் அந்தத் தூக்குச்சட்டியும்தான் கொண்டுவந்தார். பூட்டிய வீட்டில் எலி தின்றுவிடும் என்று அதைத் தூக்கி வந்திருந்தார். என் சமையலறை அலமாரியில் வைக்கும்போது சொன்னார்:

"இது வெத உளுந்தும்மா. இட்லிக்கு எடுத்துடாத."

நான் ஒரு மணிகூட எடுக்கவில்லை. இட்லிக்கு எடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் அண்ணியும் என் கணவரும் இறப்புச் சான்றிதழ் விஷயமாக விழுப்புரம் போயிருந்தார்கள். அலமாரியைத் துடைத்தபோது தூக்கின் மூடியில் ஒரு வண்டு ஊர்ந்தது. திறந்தால் உள்ளே இன்னும் நாலைந்து. என் சமையலறையில் வண்டு! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெயிலில் காயவைக்க வெயில் இல்லை. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கடாயை எடுத்தேன். இரண்டு முறையாகப் போட்டு, கருகிவிடாமல், அவ்வளவு பக்குவமாகப் புரட்டினேன். துக்கத்தில் இருக்கிறவருக்கு ஒரு ஒத்தாசை செய்கிறோம் என்று மனதுக்குள் ஒரு நிறைவு வேறு. ஆறவைத்து, முறத்தில் புடைத்து, மிளகாய் போட்டு மூடினேன்.

அவர் விதை என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதுதான் வெட்கம். விதை என்ற சொல் காதில் விழுந்ததே தவிர, அதற்குள் ஓர் உயிர் இருக்கிறது என்பது இந்த டவுன் மண்டையில் ஏறவில்லை. என் கண்ணுக்கு அது உளுந்து, அவ்வளவுதான்.

அண்ணி வந்து திறந்து பார்த்தார். "மொளகா போட்டியா? ஒரு வண்டு இல்ல பாரேன்" என்று சந்தோஷப்பட்டார். கடாயைப் பற்றி நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தினமும் செய்கிற வேலையை யார் எடுத்துச் சொல்வார்கள்?

தை பிறந்தது. அண்ணி ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து நிலத்துக்காரர் தன் மனைவியோடு வந்து, எப்போதும் போல முதல் விதை போடக் கூப்பிட்டார். அண்ணி மாட்டேன் என்றார். தாலி இறங்கிய கை, வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றார். அந்த அம்மாள் விடவில்லை. "கை அதே கைதானே? நீதான் போடணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். அண்ணி எனக்கு போன் செய்து கேட்டார்.

"போகட்டுமாம்மா? மனசு ஒரு மாதிரி கீது."

"எந்தக் காலத்துல இருக்கீங்க அண்ணி? தைரியமா போங்க. அவங்களே கூப்பிடறாங்க, உங்களுக்கென்ன?" என்று பெரிய இவளைப் போலப் பேசினேன். அண்ணி போனார். மூன்று நிலத்திலும் ஈசானி மூலையில் தன் விதையைத் தூவினார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் போன். அண்ணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மூலையில மொளைக்கலம்மா. மத்த எடமெல்லாம் பச்சப் பசேல்னு கீது. நான் போட்ட எடம் மட்டும் மூணு கொல்லையிலயும் மொட்டையா கெடக்குது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் என் கணவர் சாப்பிட வந்தபோது, சும்மா கேட்பதுபோல, "உளுந்தை வறுத்துப் போட்டா முளைக்குமா?" என்று கேட்டேன்.

"முளைக்குமே, வடையா முளைக்கும்" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஏன் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு போன், ஒரு வரி. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நேரில் சொல்லலாம் என்று நினைத்தேன். உண்மையான காரணம் அற்பமானது: டிப்ஸ் அக்கா விதையை வறுத்தாள் என்று ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அண்ணியின் தலையில் பழியை ஏற்றினேன்.

ஊரில் யாரும் அண்ணியை ஏசவில்லை. ஏசியிருந்தால் என் கணவராவது சண்டைக்குப் போயிருப்பார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைக்கிற சமயத்தில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். "கை அதே கைதானே" என்று நின்ற அந்த அம்மாளே, எதிரில் வரும்போது பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார். அண்ணி அதற்கு முன்பே ஒதுங்கிவிட்டார். கொல்லைப்புறத்தில் கீரை போடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாடித் தொட்டியில் நாலு வெண்டை விதை ஊன்றச் சொன்னேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வாணாம்மா. என் கை பட்டா மொளைக்காது."

அந்தக் கை முந்தானைக்குள் போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அண்ணி அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். கையைப் பிடித்த பீடை போகட்டும் என்று வேண்டுதல். மூன்றாவது அமாவாசைக்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். போனேன். அந்தக் கூட்டத்தில், வரிசையில், அண்ணி ஓர் எலுமிச்சம்பழத்தை வலது உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. அந்தக் கையில் ஒரு பீடையும் இல்லை. அது அவருக்குப் பின்னால் பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அங்காளம்மனை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். வண்டு, கடாய், சிறு தீ, மிளகாய், எல்லாவற்றையும். அண்ணி டம்ளரைக் கையில் வைத்தபடி கேட்டார். முடித்ததும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

"வெத உளுந்தப் போயி யாராவது வறுப்பாங்களா? அவ்ளோ பைத்தியமா நீ? என் மனசு ஆறட்டும்னு சொல்ற. நல்ல பொண்ணும்மா நீ."

என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் சத்தியமாக என்றேன். அவர் இன்னும் சிரித்தார். இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லியாயிற்று, திட்டும் விழவில்லை, நல்ல பெண் என்ற பெயரும் கிடைத்தது. பஸ்ஸில் பாதி தூரம் வரை அந்த நிம்மதி இருந்தது. பக்கத்து சீட்டில் அண்ணி அந்த எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நேராக அவரோடு ஊருக்குப் போனேன். தூக்கில் மிச்சம் இருந்தது. எட்டு மாதமாகியும் ஒரு வண்டு இல்லை, என் டிப்ஸ் அருமையாக வேலை செய்திருந்தது. ஒரு கைப்பிடி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் காகிதத்தில் மடித்துத் தந்தார்.

திண்டிவனம் வந்து, பழைய பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி, நடுவில் ஒரு ஸ்கேலைச் செருகினேன். ஒரு பக்கம் அண்ணியின் விதை. இன்னொரு பக்கம் மளிகைக் கடையில் வாங்கிய முழுக் கருப்பு உளுந்து. இரண்டையும் என் கையாலேயே ஊன்றினேன். ஆறாம் நாள் கடை உளுந்து விரல் உயரத்துக்கு நின்றது. அந்தப் பக்கம் வெறும் மண். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வழியாக அண்ணியின் ஊருக்கு பஸ் ஏறினேன். "இன்னா செடி இது, பாதி டப்பா காலியா கீது?" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டார். டப்பாவை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அண்ணி வாசலிலேயே டப்பாவை வாங்கிப் பார்த்தார். வெறும் பக்கத்தில் விரலை விட்டுக் கிளறி ஒரு மணியை எடுத்தார். ஊறி, உப்பி, அழுகியிருந்தது. நசுக்கி முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லை.

"நெசமாவே வறுத்தியா?"

"ஆமா அண்ணி."

"இதனாலதான் மொளைக்கலன்னு ஒனக்கு எப்போ தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. டப்பாவைக் காட்டினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பொய் ஒன்று நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"அன்னைக்கே. நீங்க போன் பண்ணப்பவே."

அண்ணி கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தார்.

"வறுத்தது தெரியாம செஞ்ச. அத விடு. மலையனூர்ல நான் பழத்த வெச்சிக்கினு நின்னனே, அப்போ பின்னாடிதானே இருந்த?"

நான் அழுதேன். அவர் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா. அவுங்க வூட்டாண்ட சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். மூன்று வீட்டிலும் டப்பாவைக் காட்டிச் சொன்னேன். முதல் வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு அண்ணியின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வீட்டில் சிரித்தார்கள். ஆறு மாதம் நான் பயந்த சிரிப்பு அதுதான். அவர்கள் சிரித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த தையில் மூன்று வீட்டுக்காரர்களும் அண்ணியைக் கூப்பிட்டார்கள். புது விதை, மூலை முதலில் பச்சை கட்டியது. என் கணவர் போட்டோ எடுத்து வந்து காட்டினார்.

அண்ணி இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். முன்பு போலவே பேசுகிறார், என் சமையலைக் கிண்டல் செய்கிறார், எனக்குத் தலை பின்னிவிடுகிறார். பத்து நாள் தங்குவதென்றால் எலிக்குப் பயந்து விதைத் தூக்கையும் கொண்டுவருகிறார். அலமாரியில் அதற்கான இடத்தை நான் காலியாகவே வைத்திருக்கிறேன். அவர் அதை அங்கே வைப்பதில்லை. தான் படுக்கிற இடத்தில், தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார்.